இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள்

முன்னுக்கு ஏறுங்கோ தம்பி. வானில பின்னால இருக்கிற ரூரிஸ்ற்றுகள் எல்லாரும் ஜெர்மன்காரர், நான் இங்கிலீசில சொல்லுறதே அவைக்கு அரைவாசிதான் விளங்கும். லண்டனில இருந்து தமிழ்ப் பிள்ளை ஒண்டு வருதெண்டு ஒபீசில சொன்னவுடனயே நான் சொல்லிப்போட்டன், அவருக்கு முன் சீற் எண்டு. பெல்ற்றைப் போடுங்கோ. றோட்டில இன்னும் ஐஸ் கிடக்கு. மே மாசம் பிறக்கப்போகுது, இந்தக் கோதாரியில போற குளிர் இன்னும் போறதாக் காணேல்லை.

காலடியில நிக்கிற போத்தலைத் தட்டிப்போடாதேங்கோ. அது சுடுதண்ணிப் போத்தல், உள்ளுக்கை என்ரை மனுசி போட்ட இஞ்சித் தேத்தண்ணி. நாங்கள் போற பறவைத் தீவில இறங்கினால் அது இல்லாமல் சரிவராது. இதே போத்தலை வைச்சுத்தான் தம்பி நான் ஒரு மனுசனைப் பழிவாங்கினனான். கன நாளில்லை, போன கிழமைக்கு முதல் கிழமை. நீங்கள் இருக்கிற அதே சீற்றிலதான் அவர் இருந்தவர். பேர் தியாகலிங்கம். இருபத்தாறு வருசம் பொறுத்திருந்து வாங்கினனான். சிரிக்காதேங்கோ.

பொறுங்கோ, இவைக்கு ஒருக்காச் சொல்லிப்போட்டு வாறன். வலப்பக்கம் பாருங்கோ, றெயின்டியர் நிக்குது. ஆறேழு நிக்கும்போல. இந்தக் காலத்தில கொம்போட நிக்கிறது முழுக்கப் பெட்டை மான். குட்டி போடுமட்டும் கொம்பை விடாதுகள், சாப்பாட்டுக்குச் சண்டை பிடிக்க வேணுமெல்லே. வடிவா எடுங்கோ படம், நான் மெதுவாப் போறன்.

நான் இந்த ஊருக்கு வரேக்க சின்னப் பெடியன்தான். அந்த நாளையில நோர்வேயின்ரை இந்த வடக்கு மூலையில மீன் வெட்ட ஆள் கிடையாது. இஞ்சத்தைய பெடி பெட்டையள் எல்லாம் தெற்குக்கு ஓடிட்டுதுகள். அதால மீன் பக்டரிக்கு எங்கட ஆக்களை எடுத்தவை. நீட்டு மேசை, அந்தப் பக்கம் ஒரு தமிழன், இந்தப் பக்கம் ஒரு தமிழன். எல்லாருக்கும் ஒரே வெள்ளைச் சப்பாத்து, ஒரே வெள்ளைத் தொப்பி. தியாகலிங்கம் எனக்கு நேரெதிரில நிண்டு வெட்டுறவர். வேலை முடிஞ்சு போகேக்க அவரிலயும் மீன் மணம், என்னிலயும் மீன் மணம். என்ன வித்தியாசம் சொல்லுங்கோ.

முதல் நாளே கேட்டவர். "தம்பி எந்த ஊர்?" சொன்னன். "ஓ, அதில எவடம்?" எண்டார். நீங்கள் லண்டனில வளந்தனீங்கள், உங்களுக்கு இது விளங்குதோ தெரியாது. ஊர் எது எண்டு கேக்கிறதில ஒண்டுமில்லை. அதுக்குப் பிறகு வருகுதே, அதில எவடம் எண்டு, அதிலதான் எல்லாம் இருக்கு. கோயிலுக்குக் கிழக்காலயோ, மேற்காலயோ. பள்ளிக்கூடத்துக்கு இஞ்சாலயோ, அங்காலயோ. எங்கட ஊரில எந்த ஒழுங்கையில ஆர் இருக்கினம் எண்டு அவருக்கு நல்ல பாடம். நான் மறைக்கேல்லை. ஏன் மறைக்க வேணும்? சொன்னன். "ஓ" எண்டார். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவர். பிறகு குனிஞ்சு மீனை வெட்டினார்.

கெட்ட மனுசனெண்டு ஒருத்தரும் சொல்லாயினம். கதைப்பார், பகிடி விடுவார், ஸ்னோ கொட்டினால் தன்ரை காரில ஏத்திக்கொண்டு போய் என்னை வீட்டு வாசலில விடுவார். வாசலிலதான். உள்ளுக்கை வாங்கோ அண்ணை எண்டால், நேரமாச்சு எண்டுவார். நானும் விசரன், நேரமாச்சுதாக்கும் எண்டு நினைச்சனான். பக்டரிக் கன்ரீனில இங்கா எண்டொரு நோர்வேக் கிழவி கோப்பி ஊத்திறவ. அவ மூக்கைத் துடைச்ச கையாலதான் ஊத்துவா. தியாகலிங்கம் ரண்டு கப் வாங்கிக் குடிப்பார்.

என்ரை மகள் நிரோஜாவுக்கு ஏழாவது பிறந்தநாள். எங்களுக்கு அப்பத்தான் ஒரு வீடெண்டு கிடைச்சது. அதுவரைக்கும் பக்டரிக்காரரின்ரை பலகைக் கொட்டில். என்ரை மனுசி பவளம் விடியக்காலமை தொடங்கி றோல்ஸ், பற்றிஸ், கேக் எண்டு செய்து அடுக்கினவ. இந்த ஊரில இருந்த எல்லாத் தமிழ்ச் சனத்தையும் கூப்பிட்டனாங்கள், இங்காவையும் கூப்பிட்டனாங்கள். தியாகலிங்கமும் மனுசி மனோன்மணியும் வந்தவை. பெரிய பொம்மை ஒண்டு கொண்டுவந்து பிள்ளையின்ரை கையில குடுத்தவை. கதிரையின்ரை விளிம்பில இருந்தவை.

பவளம் தட்டத்தில தேத்தண்ணியை வைச்சு நிரோஜாவிட்டக் குடுத்தவ, மாமா மாமிக்குக் குடு பிள்ளை எண்டு. புதுச்சட்டை போட்டுக்கொண்டு பிள்ளை ஊத்துப்படாமல் அடி அடியா வைச்சு வந்துது. தியாகலிங்கம் கையைக் காட்டினார். "இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள்." மனோன்மணி அக்காவும் அதைத்தான் சொன்னவ. பிள்ளைக்கு விளங்கேல்லை. பகிடி விடுகினம் எண்டு நினைச்சுக்கொண்டு தட்டத்தை நீட்டினபடி நிண்டுது. "வேண்டாம் அம்மா, கொண்டுபோங்கோ" எண்டார். பக்கத்தில இருந்த இங்காக் கிழவி எட்டி ஒரு கப்பை எடுத்துக் குடிச்சிட்டு, இன்னொண்டு தா எண்டுது.

எல்லாரும் போனாப்பிறகு நிரோஜா கேட்டுது, "அம்மா, எங்கட தேத்தண்ணியில என்ன?" எண்டு. பவளம் சொன்னவ, சீனி கூடிப்போச்சுப் பிள்ளை எண்டு. அண்டைக்கிருந்து இண்டுவரைக்கும் என்ரை மனுசி ஆருக்குத் தேத்தண்ணி குடுத்தாலும் சீனி அளவோ எண்டு கேக்காமல் விடமாட்டா. ஊரில என்ரை அப்பர் தேத்தண்ணிக் கடை வாசலில நிண்டு சிரட்டையில வாங்கிக் குடிச்சவர் தம்பி. அதை நான் கண்ணால கண்டனான், அது எனக்குப் பழக்கம். ஆனால் கப்பல் ஏறி, பிளேன் ஏறி, உலகத்தின்ரை நுனிக்கு வந்து, என்ரை பிள்ளை தட்டத்தோட நிண்டுதே, அது எனக்கு இண்டைக்கும் ஆறேல்லை.

இந்தா துறை வந்திட்டுது. அந்த மரச்சட்டமெல்லாம் பாருங்கோ, கொட் மீனைத் தலையை வெட்டிப்போட்டு சோடி சோடியாக் கட்டித் தொங்கவிட்டிருக்கு. கருவாடுதான். உப்பில்லாத கருவாடு, காத்தே காய வைச்சுப்போடும். ஜெர்மன்காரர் மூக்கைப் பொத்துகினம் பாருங்கோ. எனக்கு அது ஊர் மணம்.

அதுக்குப் பிறகு கொஞ்ச நாளில தியாகலிங்கம் ஒஸ்லோவுக்குப் போட்டார். கன பேர் போட்டினம். நான் இருந்திட்டன். பக்டரியும் படுத்திட்டுது, பேந்து ரூரிஸ்ற்றுகளைக் கூட்டிக்கொண்டு திரியிற இந்த வேலை அம்பிட்டுது. அவரை நான் மறக்கேல்லை. அவருக்கு எப்பிடித் திருப்பிக் குடுக்கிறதெண்டு மீன் வெட்டேக்கயும் யோசிப்பன், ஸ்னோ தள்ளேக்கயும் யோசிப்பன். வாற சித்திரையில தியாகலிங்கம் எண்டொருத்தர் குடும்பத்தோட வாறார், உன்ரை ஆக்களோ எண்டு ஒபீசில ஒரு நாள் கேட்டினம். என்ரை ஆக்கள்தான், நான்தான் கூட்டிக்கொண்டு போவன் எண்டன். வீட்டை போய்ப் பவளத்துக்கும் சொன்னன்.  அவை வந்த அண்டைக்கு விடிய, அவ இஞ்சியைத் தட்டிப் போட்டு, ஏலக்காயும் போட்டு, ரண்டு தரம் ருசி பாத்து, இந்தப் போத்தலை நிரப்பித் தந்தவ. மனோன்மணி அக்காவுக்குச் சீனி வருத்தம் இருக்கோ தெரியாது, குறைச்சுத்தான் போட்டிருக்கிறன் எண்டு சொல்லு எண்டவ.

ஹொட்டேல் வாசலில அவரைப் பாத்தன். தலை நரைச்சு, தோள் ஒடுங்கி, பொல்லோட நிண்டார். ஆனால் என்னைக் கண்டவுடன கையைப் பிடிச்சுக்கொண்டார். "நேசராசாவெல்லே!" மகள் அபிராமியைக் கூப்பிட்டு, நானும் இவரும் ஒரே மேசையில மீன் வெட்டினனாங்கள், தங்கமான பெடியன் எண்டார். தங்கமான பெடியனாம். ஒண்டும் நடக்காத மாதிரி. பவளம் எப்பிடி, நிரோஜா எப்பிடி, என்ன செய்யுது எண்டு கேட்டுக்கொண்டே வந்தார். பல்லு டொக்டரிட்ட வேலை செய்யுது எண்டன். எத்தினை பிள்ளையள் எண்டார். ஒண்டு எண்டன். அவர் ஒரு சொல்லுக் கேட்டால் நான் ஒரு சொல்லுத்தான் சொன்னது. உள்ளுக்கை எனக்கு எரிஞ்சுகொண்டு இருந்துது.

துறையில ஒரு கோப்பிக்கடை இருக்கு, இந்தா இதுதான். எல்லாரையும் இதிலதான் இறக்கி ஏதும் சூடாக் குடிக்க விடுறனான். அண்டைக்கு, இண்டைக்குக் கடை பூட்டு எண்டு சொல்லிப்போட்டு நேரை வள்ளத்துக்குக் கொண்டுபோனன். ஓம் தம்பி, பொய்தான். வடக்குக் காத்து வேறை. அவையோட ஒரு டச்சுக்காரச் சோடியும் வந்தது, மற்றபடி ஒருத்தருமில்லை. ஆர்னே எண்டு எங்கட வள்ளக்காரன், அவன் எங்களைத் தீவில இறக்கிப்போட்டுத் திரும்பிப் போவான், பேந்து நான் போன் எடுத்தால் வருவான்.

தீவு வடிவுதான், அதைச் சொல்லவேணும். நீங்களும் இப்ப பாப்பியள். கல்லுமலை முழுக்கப் பறவை, ஒரு விரல் வைக்க இடமில்லை. லுண்டெ எண்டு ஒண்டு இருக்கு, ஆரஞ்சுச் சொண்டும் வெள்ளை வயிறுமா, குண்டா, கலியாண வீட்டில சாப்பிட்டு முடிச்ச ஐயர் மாதிரி நடந்து திரியும். நாங்கள் போய் நிக்க ஒரு கடல் கழுகு மேலால வந்துது. அது வந்தவுடன முழு மலையும் எழும்பிச்சுது தம்பி. ஆயிரமாயிரம் பறவை ஒண்டா எழும்பி, வெளிச்சமே குறைஞ்சு போச்சு. அபிராமி படம் எடுத்துக்கொண்டு ஓடித்திரிஞ்சுது. தியாகலிங்கம் ஒரு கல்லில இருந்துகொண்டு மேலை பாத்தார். பாத்திட்டு, "நேசன், இதை நான் இஞ்சை இருந்த காலத்தில ஒருக்காக்கூட வந்து பாக்கேல்லை" எண்டார். உங்களுக்கு ஆரோடயும் எங்கையும் போகப் பஞ்சியெல்லே எண்டு வாய் வரைக்கும் வந்துது. விழுங்கிப்போட்டன்.

குளிர் ஏறத் தொடங்கிச்சுது. நான் போத்தலைத் திறந்து அந்த டச்சுக்காரச் சோடிக்கு ஆளுக்கொரு கப் ஊத்திக் குடுத்தன். வடிவா, ஆவி பறக்க, அவர் பாக்கத்தக்கதா நிண்டு ஊத்தினன். இஞ்சி மணம் காத்தோட அவருக்குத்தான் போகும், காத்து நிக்கிற பக்கம் பாத்துத்தானே நிண்டனான். டச்சுக்காரி நல்லாயிருக்கு நல்லாயிருக்கு எண்டு குடிச்சவ. தியாகலிங்கம் பாத்துக்கொண்டு இருந்தார். அவரிட்ட நான் நீட்டேல்லை. கேக்கட்டும் எண்டு இருந்தன். இந்த முறை அவர் வாயைத் திறந்து கேக்கவேணும்.

ஆர்னேக்குப் போன் எடுத்து, ஆறுதலா வா, இவை இன்னும் படம் எடுக்கினம் எண்டு சொன்னன். இவைக்கு, வள்ளத்தில ஏதோ கோளாறாம், சுணங்கும் எண்டன். மனோன்மணி அக்கா தன்ரை சால்வையைக் கழட்டி அவருக்குச் சுத்திவிட்டவ. அவற்றை கை நடுங்கிச்சுது, பொல்லு கல்லில தட்டுப்படுற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்துது. உதடும் கொஞ்சம் நீலமாப் போச்சு. அதெல்லாம் ஒண்டுமில்லைத் தம்பி, இந்தக் குளிருக்கு எல்லாருக்கும் போறதுதான். நான் எத்தினை பேரைப் பாத்திட்டன்.

கடைசியாக் கேட்டார். மெல்லமாத்தான் கேட்டார், மகளுக்குக் கேக்காமல்.

"நேசன், அந்தப் போத்தலில எனக்கொரு வாய் இருக்குமே?"

தம்பி, நான் உண்மையைச் சொல்லுறன். குடுக்கிறதெண்டுதான் நினைச்சு வந்தனான். அவர் கேக்க, நான் ஊத்த, அவர் என்ரை முகத்தைப் பாத்துக் குடிக்க வேணும், அதுதான் என்ரை திட்டம். பவளத்துக்கும் அதுதான் ஆசை. ஆனால் அவர் கேட்டவுடன என்ரை வாயில வந்தது வேறை.

"இல்லை அண்ணை. இப்பதான் குடிச்சு முடிச்சது."

சொல்லிப்போட்டுப் போத்தலைத் தூக்கிப் பைக்குள்ள வைச்சன். அரைவாசிக்கு மேல இருக்கு, தூக்கேக்க களக்களக் எண்டு சத்தம் கேக்குது. அவைக்கும் கேட்டிருக்கும். கேட்டால் நல்லது. தியாகலிங்கம் என்னை நிமிந்து பாத்தார்.  பிறகு, "பரவாயில்லை, நீர் எனக்குத் தரவேணுமெண்டு இல்லைத்தானே" எண்டார். பாத்தீங்களே திமிரை? விறைச்சுச் சாகிற நேரத்திலும் அந்த ஆளுக்கு ஒரு கெஞ்சல் வரேல்லை.

திரும்பி வந்து ஹொட்டேல் வாசலில இறக்கி விடேக்க அபிராமி என்னைத் தனியக் கூப்பிட்டுது. அப்பாவுக்குப் போன வருசம் ஹார்ட் ஒப்பரேசன் செய்ததாம். டொக்டர் உந்தக் குளிருக்குப் போகவேண்டாமெண்டு சொன்னவராம். இன்ரநெற்றில என்ரை படத்தைக் கண்ட நாளில இருந்து, என்னை நேசனிட்டக் கொண்டுபோ, நேசன்ரை வீட்டை ஒருக்காப் போகவேணும் எண்டு ஒரே பிடியாம். உங்கட வீட்டை வரச்சொல்லிக் கேப்பியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தவர் அங்கிள் எண்டுது. நான் என்ன சொல்லுறது? பிள்ளை, எனக்கு வேலை கிடக்கு, நேரமாச்சு எண்டன். இவ்வளவு வருசமா வராத வீட்டுக்கு இப்ப என்னத்துக்கு வாறார்? பறவை பாக்க வந்த மனுசன், பறவையைக் காட்டினன், அனுப்பிப்போட்டன். என்ரை கணக்குத் தீர்ந்துது.

என்ன பாக்கிறியள்? என்னில பிழை பிடிக்கேக்க என்ரை மகள் பாக்கிற மாதிரித்தான் நீங்களும் பாக்கிறியள்.

ஓ, பவளத்தைப் பற்றிக் கேக்கிறியளோ. அவவுக்கு என்னெண்டு சொல்லுறது. வீட்டுக்குப் போகமுன்னம் வானை ஓரத்தில நிப்பாட்டி, மிச்சத் தேத்தண்ணியை ஸ்னோவில ஊத்தினன். வெள்ளை ஸ்னோவில மஞ்சளா, மாடு மூத்திரம் பெய்த மாதிரிக் கிடந்துது. காலால ஸ்னோவைத் தள்ளி மூடிப்போட்டுப் போனன். அவ கதவடியில நிண்டவ. போத்தலை வாங்கித் திறந்து பாத்தவ, வெறும். "குடிச்சவையே?" எண்டா. "குடிச்சவை" எண்டன். "மனோன்மணி அக்காவும்?" "அவவும். தியாகண்ணை ரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடிச்சவர்." "சீனி?" எண்டா. "அளவாம்" எண்டன்.

அவ அதிலயே இருந்திட்டா தம்பி. கதவடியில, செருப்புக் கழட்டுற இடத்தில, போத்தலை மடியில வைச்சுக்கொண்டு இருந்திட்டா. பிறகு எழும்பிப் போய் நிரோஜாவுக்குப் போன் எடுத்துச் சொன்னவ. நிரோஜா எனக்கு எடுத்து, அம்மா அழுறா அப்பா, சந்தோசத்தில அழுறா எண்டுது. நல்லதுதானே? எப்பிடியோ மனுசிக்கு மனம் ஆறிச்சுது. இப்ப ஒரு கரைச்சல்தான், மனோன்மணி அக்காவின்ரை நம்பரைத் தா, நானே எடுத்துக் கதைக்கப்போறன், கோடையில வந்து எங்களோட ரண்டு நாள் நிக்கச் சொல்லப்போறன் எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிறா. நம்பரைத் துலைச்சிட்டன் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறன். ஒபீசில வாங்கலாமெல்லே எண்டு நேற்றுக் கேட்டவ. பாப்பம் எண்டன்.

சரி, அதை விடுங்கோ. ஆர்னேயின்ரை வள்ளம் இன்னும் வரேல்லை. இவையைக் கோப்பிக்கடைக்கு அனுப்பிப்போட்டன், நாங்கள் இதில ஆறுதலா இருப்பம். போத்தலை இஞ்சால எடுங்கோ. கப் புதுசு, கழுவித்தான் கொண்டுவந்தனான். தமிழ்ப் பிள்ளை ஒண்டு வருது எண்டு சொன்னவுடன மனுசி இண்டைக்கும் ஏலக்காய் போட்டவ. மணக்குதே? இந்தாங்கோ. சீனி அளவோ எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ, வீட்டை போய்ச் சொல்லவேணும்.

என்ன?

ஹொட்டேலிலயோ? இப்பதான் குடிச்சனீங்களோ?

இல்லையில்லை. பரவாயில்லைத் தம்பி, கட்டாயமெண்டு ஒண்டுமில்லை. சும்மாதான் கேட்டனான். நானே குடிக்கிறன், ஊத்தினதை என்ன செய்யிறது. அங்கை பாருங்கோ, அந்தத் தூணில ஒரு கடல் கழுகு இருக்கு. அசையாமல் இருக்கும், ஆனால் எல்லாத்தையும் பாத்துக்கொண்டு இருக்கும்.

தம்பி, அப்பா அம்மா ஊரில எந்த இடம் எண்டு சொன்னனீங்கள்?

ஓ. அதில எவடம்?